அக்காவோடு எவ்ரோஸ் ஆற்றுக்கு

பயணப் புத்தகம் கையில் கிடைத்த அன்று, அக்கா நேரே பாரிசில் எங்கள் கடைகள் இருக்கும் லா சப்பலுக்கு வந்து, நான் வேலை செய்யும் உணவகத்தின் வாசலில் நின்றார். மத்தியானச் சனம் போய் முடிந்திருந்தது. நான் குசினியில் இடியப்பத் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தலைக்கு மேலே மெத்ரோ ரயில் போய் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அக்கா புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"தந்திட்டாங்கள் தம்பி. இலங்கையைத் தவிர வேறை எங்கையும் போகலாமாம்."

"நல்லது அக்கா."

"என்னை அந்த ஆத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போ. அவரைப் பிடிச்ச இடத்திலையிருந்து தேடிக்கொண்டு வருவம்."

அவர் என் கூடப் பிறந்த அக்கா அல்ல. அவருடைய கணவரும் நானும் 2010 இலையுதிர் காலத்தில் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குப் போக எவ்ரோஸ் ஆற்றில் ஒரே படகில் ஏறினோம். கரையேறியதும் அவரைப் பொலிஸ் தனியாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். எட்டு வருடமாக அதையேதான் சொல்லிவந்தேன். அது பொய். அவர் கரையேறவே இல்லை. நடு ஆற்றில் அவருடைய கை என் பிடியில் இருந்தது. நான்தான் விட்டேன்.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். 2009இல் எங்களை அடைத்து வைத்திருந்த செட்டிக்குளம் அகதி முகாமில் எங்கள் கூடாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கிளிநொச்சியில் தண்ணீர் பம்பு திருத்துகிற வேலை செய்தவர். சண்டையின் கடைசி நாட்களில் கடற்கரையில் ஒரு ஷெல் துண்டு அவருடைய இடது தோளுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. எடுத்தால் கை முழுவதும் போகும் என்று வைத்தியர் அதைத் தொடவில்லை. அந்தக் கையை அவரால் தோளுக்கு மேலே தூக்க முடியாது. விரல்கள் மடங்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. என் வீட்டில் மிஞ்சியவன் நான் ஒருவன்தான். அவருக்கு மனைவியும் ஆறு வயது மகளும் இருந்தார்கள். எனக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டதால் அந்த மனைவி எனக்கு அக்கா ஆனார்.

முகாமிலிருந்து விட்ட பிறகும் ஆமிக்காரர் அண்ணையைத் தேடி வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மூன்றாவது தடவை வந்து போனபின் அவர் வெளிநாடு போவதென்று முடிவெடுத்தார். நானும் சேர்ந்துகொண்டேன். புறப்படும் அன்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவருக்கு ஒரு கை ஏலாது. எங்கை போனாலும் நீ பக்கத்திலை நிண்டுகொள் தம்பி."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கடைசிவரை பக்கத்தில்தான் இருந்தேன்.

ஏதென்சுக்கு வந்து சேர்ந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தபோது, என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "அவர் எங்கை?" என்றார். "பொலிஸ் பிடிச்சிட்டுது" என்று என் வாயில் வந்தது. "உயிரோடை இருக்கிறார்தானே?" என்றார். "ஓம் அக்கா." அவ்வளவுதான். பிறகு அந்தப் பொய்க்குச் சாப்பாடு போட்டு வளர்த்ததெல்லாம் நான்தான். வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரு தீவில் வைத்திருக்கிறார்களாம். அங்கே தொலைபேசி இல்லையாம். பெயரைப் பிழையாகப் பதிந்திருக்கிறார்களாம். நான் பாரிசுக்கு வந்தேன், கோப்பை கழுவினேன், விசாப் பத்திரத்துக்காக இரண்டு தரம் விசாரணைக்குப் போனேன், பத்திரம் கிடைத்தது. அக்கா ஒவ்வொரு மாதமும் கேட்டார். நான் ஒவ்வொரு மாதமும் ஏதாவது சொன்னேன்.

2015இல் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வேறு வழியால் பாரிசுக்கே வந்துவிட்டார். நகரத்துக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் தெரிந்த குடும்பம் ஒன்று அவர்களுக்கு ஓர் அறை கொடுத்தது. முகத்துக்கு முகம் பார்த்தபின் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடப் போவேன். மகள் என்னை "மாமா" என்று ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அக்கா மீன் குழம்பில் தலைத் துண்டை எனக்கென்று எடுத்து வைத்திருப்பார். எனக்கு உலகத்தில் வேறு வீடு இருக்கவில்லை. சொன்னால் அதுவும் போய்விடும். இதற்கு மேல் நான் ஒரு நியாயமும் சொல்லப்போவதில்லை.

அந்த ஐப்பசியில் எனக்கு ஒரு கிழமை லீவு கிடைத்தது. மகளைப் பள்ளிக்கூடத்துக்காக லெ பிளாங்-மெனிலில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் ஏதென்சுக்குப் பறந்து, அங்கிருந்து எல்லைக்குப் பக்கத்திலுள்ள அலெக்சாந்த்ரூபொலி என்ற ஊருக்குப் போனோம். அக்காவின் கைப்பையில் ஒரு கொப்பி இருந்தது. கிரேக்கத்திலுள்ள சிறைகளின் முகவரிகளை மகள் தன் வட்டமான எழுத்தில் அதில் எழுதிக் கொடுத்திருந்தாள். அண்ணையின் படங்கள் நான்கு இருந்தன. அவருக்குக் கொடுக்க ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தது. லா சப்பல் கடையில் வாங்கியது, விலைச்சீட்டுக்கூடக் கழற்றவில்லை.

அடுத்த நாள் காலையில் வடக்கே போகும் ரயிலில் ஏறினோம். இரண்டே பெட்டி. லீவு முடிந்து போகும் படையினர் சிலரும், கூடைகளோடு வயதான பெண்களும் இருந்தார்கள். ஆற்றங்கரை முழுவதும் இராணுவப் பகுதி, வெளியார் போக முடியாது என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். ரயிலிலிருந்து மட்டும் பார்க்கலாமாம். ஒரு மணித்தியாலம் போனபின், பருத்தி வயல்கள் முடிந்த இடத்தில், தண்டவாளத்துக்குக் கீழேயே ஆறு வந்தது. மண்ணிறத் தண்ணீர். நடுவே மணல் திட்டுகள். அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்தைப் போலவே மரங்கள். மரங்களுக்கு மேலே துருக்கியின் காவல் கோபுரம் ஒன்று.

அக்கா கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தார்.

"இதுவோ?"

"ஓம்."

"இவ்வளவு சின்ன ஆறோ? எங்கடை கனகராயன் ஆறு மாரியிலை இதைவிட அகலமெல்லோ?"

மூச்சில் மங்கிய கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"எவடத்திலை இறங்கினீங்கள்?"

கையை நீட்டி ஒரு மரத்தைக் காட்டினேன். எனக்கு அந்த இடம் தெரியாது. நாங்கள் வந்தது விடிவதற்கு முந்திய இருட்டில். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஒரு மரத்தைக் காட்டினேன். ரயில் போகப்போக அக்கா திரும்பித் திரும்பி அந்த மரத்தையே பார்த்தார். "அடுத்த ஸ்ரேசனிலை இறங்குவம்" என்றார்.

இறங்கினோம். நிலையத்தில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. வயலுக்கு நடுவே மண் பாதையில் அக்கா முன்னே நடந்தார். செருப்பு சேற்றில் புதைந்தது. பாதை முடிந்த இடத்தில் உயரமான மண் அணை. ஏறுகிற இடத்தில், கையை நீட்டித் தடுக்கும் படைவீரன் ஒருவனின் படம் போட்ட பலகை. அக்கா அதைப் பார்க்காதவர்போல ஏறினார். அணையின் மேலே போய் நின்றால் ஆறு தெரியவில்லை. புதரும் மரங்களும்தான் தெரிந்தன. தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பொலிஸ் ஜீப் ஒன்று அணையின் மேலாலேயே வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். எங்கள் புத்தகங்களை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்கள். இளையவர் என்னிடம் ஆங்கிலத்தில், இங்கே என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். உணவகத்தில் பழகிய அரைகுறை ஆங்கிலத்தில் நான் சொன்னேன்: இவருடைய கணவர். 2010. ஆறு. பொலிஸ் பிடித்தது. சிறை. அக்கா ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

அந்த இளைஞர் படத்தை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பிறகு ஆறுதலாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எல்லை கடந்து வந்தவர்களை இங்கே யாரும் எட்டு வருடம் வைத்திருப்பதில்லை. சில மாதங்கள்தான். பிறகு விட்டுவிடுவார்கள். அவர் வெளியே வந்திருந்தால் உங்களோடு கதைத்திருப்பார். நீங்கள் சிறைக்குப் போகவேண்டாம். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள்.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னவாம்?"

"இஞ்சை நிக்கக் கூடாதாம்."

"அது இல்லை. நிறையக் கதைச்சவர். ஹொஸ்பிற்றல் எண்டவர். ஏன் ஆஸ்பத்திரி?"

அந்த இளைஞர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மொழி தெரியாவிட்டாலும் அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்கவேண்டும். புத்தகங்களையும் படத்தையும் அக்காவின் கையில் திருப்பிக் கொடுத்தார். எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்.

திரும்பிப் போகும் ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. மேடையில் இருக்க ஒரு நீள வாங்கு. அக்கா ஒரு ஓரத்தில் இருந்தார், நான் மற்ற ஓரத்தில். அவர் கேட்பதற்கு முன்னே நான் தொடங்கினேன்.

"அண்ணையைப் பொலிஸ் பிடிக்கேல்லை அக்கா."

ஆறு பேருக்கான றப்பர் படகில் பதினான்கு பேர் ஏறியதைச் சொன்னேன். அண்ணை ஓரத்தில், என் இடப்பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். நடு ஆற்றில், தண்ணீருக்கு அடியில் கிடந்த மரத்தில் படகு இடித்தது. அவர் வெளியே விழுந்தார். நான் குனிந்து அகப்பட்டதைப் பிடித்தேன். மணிக்கட்டு அகப்பட்டது. படகு என் பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே வந்தது. குழந்தையோடு இருந்த ஒரு பெண் கத்தினாள். பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணையின் முகம் எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. "மற்றக் கை தம்பி, மற்றக் கை" என்றார். மற்றக் கையைப் பிடிக்க நான் இன்னும் குனியவேண்டும். குனிந்தால் நானும் போய்விடுவேன் என்று நினைத்தேன். விட்டேன்.

அக்கா தண்டவாளத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்தக் கையைப் பிடிச்சனி?"

"இடது கை."

"அந்தக் கையிலை பிடிப்பு இல்லை எண்டு உனக்குத் தெரியும்."

"ஓம்."

"அந்தக் கையாலை அவர் உன்னைப் பிடிச்சிருக்க ஏலாது. நீதான் பிடிச்சிருக்கவேணும்."

"ஓம் அக்கா."

அவர் அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆத்திலை விட்டதை நான் பொறுத்தாலும் பொறுப்பன்" என்றார். "ஆருக்கும் உயிர்ப்பயம் வரும். எட்டு வருசம் பொய் சொன்னனி. மூண்டு வருசம் என்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டியே. அந்தப் பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பாவுக்குக் கேக்கிலை ஒரு துண்டு எடுத்து வைக்கேக்கை பாத்துக்கொண்டெல்லோ இருந்தனி?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த நாள் காலையில் அவர் என் அறைக் கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஷை தெரியாது, இல்லாவிட்டால் உன்னைக் கூப்பிடமாட்டேன் என்றார். "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. அவை சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டையும் கூட்டாதை, குறைக்காதை."

ஆற்றில் எடுக்கும் உடல்களைப் பார்க்கிற வைத்தியர் நடுத்தர வயதுப் பெண். எங்களை அவசரப்படுத்தவில்லை. ஒரு நீளமான தட்டில் கடித உறைகளைக் கொண்டுவந்து வைத்தார். மோதிரம், கடிகாரம், நெளிந்த சாவி, தண்ணீர் போன தொலைபேசி. 2010ஆம் வருடத்து உறைகளை அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். எதுவும் அண்ணையுடையது அல்ல.

"உடம்பில் ஏதாவது அடையாளம்? பழைய முறிவு? சத்திரசிகிச்சை?" என்று வைத்தியர் கேட்டார். நான் அப்படியே சொன்னேன்.

"இடது தோளுக்குள்ளை ஷெல் துண்டு" என்றார் அக்கா. நான் அதையும் அப்படியே சொன்னேன்.

வைத்தியர் எழுந்து உள்ளே போனார். போய் வர இருபது நிமிடம் ஆனது. ஒரு எக்ஸ்ரே படத்தோடு திரும்பி வந்து, அதை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தோள் எலும்புக்குப் பக்கத்தில், நகத்தின் அளவில், ஒழுங்கற்ற வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. 2011 இளவேனிலில், ஆறு கடலோடு சேரும் இடத்தில் மீன்பிடிக்காரர் ஒருவரின் வலையில் அகப்பட்ட உடலாம். ஊர் பெயர் தெரியாததால் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். மகளின் எச்சில் மாதிரியைப் பாரிசிலிருந்து அனுப்பினால் உறுதிப்படுத்தலாம் என்றார்.

அக்கா படத்தைத் தொடவில்லை. அந்தப் புள்ளியை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தார். "இதுதான்" என்றார். "முகாமிலை எடுத்த படத்திலையும் இது இப்பிடித்தான் இருந்தது. ஒரு பக்கம் வளைஞ்சு."

நான் மொழிபெயர்த்தேன்.

புதைத்த இடம் மலைக் கிராமம் ஒன்றுக்கு வெளியே இருந்தது. வாடகைக் காரில் போனோம். ஊர் பேர் இல்லாமல் ஆற்றில் எடுத்தவர்களுக்கென்று ஒதுக்கிய காணி. கம்பி வேலிக்குள் எண்கூட இல்லாத மண் மேடுகள், மேலே காய்ந்த புல். காவலர் ஒரு வரிசையைக் காட்டி, அந்த வருடத்து ஆட்கள் இதற்குள் என்றார். எது என்று அவருக்கும் தெரியவில்லை. எங்கள் ஆட்களை எரிப்பதுதானே வழக்கம். அண்ணை முன்பின் தெரியாதவர்களோடு மண்ணுக்குள் கிடந்தார்.

நானும் வேலிக்குள் காலெடுத்து வைத்தேன். அக்கா திரும்பினார்.

"நீ றோட்டிலை நில்."

றோட்டில் நின்றேன். அக்கா அந்த வரிசையில் ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். விலைச்சீட்டோடு இருந்த கம்பளிச் சட்டையை எந்த மேட்டில் வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அதைக் காவலரிடம் கொடுத்தார். அவர் அணிந்து பார்த்து, அளவாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

பாரிசுக்குத் திரும்பும் விமானத்தில் அக்கா வேறு இருக்கை கேட்டு மாறி இருந்துகொண்டார். விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் லெ பிளாங்-மெனிலில் நின்றதும் எழுந்து இறங்கிப் போனார். போட்டு வாறன் என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம், மகளின் மாதிரி பொருந்திவிட்டது என்ற கடிதம் வந்ததை வேறு ஆட்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். மரணப் பத்திரம் வந்ததும், எட்டு வருடம் கடந்த செத்தவீட்டை அக்கா செய்தார். லா சப்பலில் எங்கள் ஊர்ச் சனம் எல்லாம் போனது. பத்ரோன் என்று நாங்கள் சொல்லும் என் முதலாளி உணவகத்திலிருந்து சாப்பாடு அனுப்பினார். சோற்றைக் கட்டிக் கொடுத்தது நான். கொண்டு போனது வேறு ஆள். விசயம் தெரிந்த சிலர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். சிலர் தோளில் தட்டி, "உன்ரை இடத்திலை ஆர் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பினம்" என்றார்கள். இரண்டு விதமான ஆட்களையும் நான் தவிர்த்தேன்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், மகள் உணவகத்துக்கு வந்தாள். பதினாறு வயது. உயரம் அண்ணையைப் போல. என்னை மாமா என்று அழைக்கவில்லை. பிரெஞ்சில் கதைத்தாள். முன்பெல்லாம் வீட்டு ஆளோடு கதைப்பதுபோல 'து' என்பவள், இப்போது அந்நியரிடம் சொல்வதுபோல 'வூ' என்றாள். அப்பா போனபோது தனக்கு ஏழு வயது, அவருடைய குரல் ஞாபகத்தில் இல்லை என்றாள். அவரோடு கடைசியாக இருந்தவர் நீங்கள்தான், அவர் கதைத்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், அம்மா போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை என்றாள். தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவை அழுத்தினாள்.

இஸ்தான்புல் அறையில் பதினேழு நாள் அடைபட்டுக் கிடந்ததைச் சொன்னேன். அண்ணை ஒற்றைக் கையால் வெங்காயம் வெட்டி முட்டை பொரித்ததைச் சொன்னேன். அந்த வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகியபோது, வீட்டுக்காரனின் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கி, "இதுக்கு நீ லாயக்கில்லை, தள்ளு" என்று தமிழிலேயே அவனைத் திட்டியபடி திருத்தியதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு, சிரித்துவிட்டோமே என்பதுபோல வாயை மூடிக்கொண்டாள். ஆற்றில் நடந்ததையும் கேட்டாள். அதையும், மற்றக் கை என்று அவர் சொன்னது உட்பட, சொன்னேன். அன்று அவள் எழுந்து போனபின் மறுபடி வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததிலும் வந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் கேட்டாள்: "என்னைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னாரா?"

முகாமில் அவளுக்கு எழுத்துப் பழக்கியதைப் பற்றி அவர் சொன்னதை முதல் சனிக்கிழமையே சொல்லிவிட்டிருந்தேன். படகில் ஏறுமுன் அவளுடைய படத்தைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்ததையும் சொல்லியாயிற்று. வேறு ஒன்றும் இல்லை. அவரை எனக்குத் தெரிந்ததே ஒன்றரை வருடம்தான். அவள் காத்திருந்தாள். எனக்குள் ஒரு வாக்கியம் உருவாகத் தொடங்கியது. நீ டாக்குத்தராக வரவேணும் எண்டு சொன்னவர். அல்லது, கடைசியாக உன்ரை பேரைத்தான் சொன்னவர். அவர் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியங்கள்தான். சொன்னால் அவள் நம்புவாள், வாழ்நாள் முழுவதும் வைத்திருப்பாள்.

"வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "இவ்வளவும்தான்."

அவள் ஒலிப்பதிவை நிறுத்தி, தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். நன்றி என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு, வெளியே போனாள். பிறகு அவள் வரவில்லை.